பேரப்பிள்ளை ஸ்வீடிஷ் பேசினால்

மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்தில் துபாயும் சிங்கப்பூரும் புதிய பெயர்கள் அல்ல. அங்கே என்ன சம்பளம், எப்படி வெயில், எந்த மாதம் லீவு என்பதெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியும். ஸ்வீடன் அப்படி இல்லை. பொறியியல் படித்த நம் பிள்ளைகள் ஸ்டாக்ஹோமுக்குத் தொலைத்தொடர்பு வேலைக்கும், கோத்தன்பர்க்குக்கு மோட்டார் வாகன வேலைக்கும் போவது இந்த இருபது வருஷத்தில்தான் கூடியது. இலங்கைத் தமிழர்கள் அதற்கும் முன்பே, 1980-களில் தொடங்கி, தஞ்சம் தேடிப் போய் அங்கே வேரூன்றிவிட்டார்கள். பிள்ளை போனான், கல்யாணம் ஆனது, ஒரு குழந்தையும் பிறந்தது. இப்போது அந்தக் குழந்தை செல்போன் திரையில் நின்றுகொண்டு ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் ஒரு சொல்கூடப் புரியாத மொழியில் ஏதோ சொல்கிறது. அந்த ஆயாவுக்கும் தாத்தாவுக்கும்தான் இந்தக் கட்டுரை. அந்த வீட்டில் ஒரு சின்னக் குழந்தையின் நாள் எப்படிப் போகிறது, ஏன் அப்படிப் போகிறது, அதில் உங்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்று சொல்லப் பார்க்கிறேன்.

ஸ்வீடிஷ் பேசும் வீடுகளில் இரண்டு விதம் உண்டு. முதல் வகையில் அப்பா, அம்மா இருவருமே தமிழர்கள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள். குழந்தை ஒன்றரை வயதில் முன்பள்ளிக்குப் போய்வரத் தொடங்கியதும் ஸ்வீடிஷும் கூடவே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. இரண்டாவது வகையில் நம் பிள்ளை அந்த நாட்டுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டிருப்பான், அல்லது செய்துகொண்டிருப்பாள். அங்கே சமையலறை மொழியே ஸ்வீடிஷ். பின்லாந்திலும் சுமார் ஐந்து சதவீதம் பேர் ஸ்வீடிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஓலண்ட் என்ற தீவுக்கூட்டத்தில் அது ஒன்றுதான் ஆட்சிமொழி. ஆனால் சட்டதிட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் இங்கே நான் சொல்வதெல்லாம் ஸ்வீடன் நாட்டுக்கு மட்டும்.

நம் ஊரில் குழந்தை பிறந்ததும் எழும் முதல் கேள்வி, யார் கூட இருந்து பார்த்துக்கொள்வது என்பது. அம்மா வீடு, மாமியார் வீடு, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று நாலு கை நீளும். ஸ்வீடனில் அந்த நாலு கை கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு சட்டம் இருக்கிறது. தாய்க்கு மட்டும் என்றிருந்த பிரசவ விடுப்பை எடுத்துவிட்டு, தாய் தகப்பன் இருவருக்கும் பொதுவான விடுப்பை 1974-இல் கொண்டுவந்தார்கள். உலகத்தில் முதலில் அப்படிச் செய்த நாடு அதுதான். இப்போது ஒரு குழந்தைக்கு 480 நாள் உதவித்தொகையோடு விடுப்பு உண்டு. அதில் 390 நாளுக்குச் சம்பளத்தில் ஏறக்குறைய எண்பது சதவீதம், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். மீதி 90 நாளுக்குத் தினமும் 180 குரோனர் என்று ஒரே அளவு. ஒரு குரோனர் நம் பணத்தில் ஒன்பது, பத்து ரூபாய் வரும்.

இந்த 480 நாளில் 90 நாள் தகப்பனுக்கென்றே ஒதுக்கியது, 90 நாள் தாய்க்கென்றே ஒதுக்கியது. தகப்பன் தன் 90 நாளை எடுக்காவிட்டால் அது வீணாகும், மனைவிக்கு மாற்றித்தர முடியாது. அதனால் மகனோ மருமகனோ வீட்டில் இருந்துகொண்டு குழந்தைக்குக் கஞ்சி ஊட்டுவதைப் போனில் பார்த்தால் வேலை போய்விட்டதோ என்று பதற வேண்டாம். மனைவி வேலைக்குத் திரும்பியிருப்பாள், இப்போது இவன் முறை. பெரும்பாலான வீடுகளில் முதல் எட்டு, பத்து மாதம் தாயும், அதன்பின் சில மாதம் தகப்பனும் இருப்பார்கள். குழந்தைக்கு ஒன்றரை வயது வரும்வரை இருவருக்கும் முழுநேர விடுப்பில் இருக்க உரிமை உண்டு. எட்டு வயது வரை வேலை நேரத்தைக் கால்பங்கு குறைத்துக்கொள்ளவும் கேட்கலாம். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது தகப்பனுக்கான அந்த 90 நாள். பகல் முழுக்கத் தனியாக ஒரு குழந்தையைப் பார்த்துக்கொண்டவனுக்கு, வீட்டில் இருக்கும் பெண் என்ன வேலை செய்கிறாள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

2024 ஜூலை முதல் பெற்றோர் ஒவ்வொருவரும் தங்கள் விடுப்பில் 45 நாள் வரை வேறொருவருக்கு, தாத்தா பாட்டிக்குக்கூட, மாற்றிக்கொடுக்கலாம் என்று சட்டம் வந்தது. இந்தச் செய்தி ஊரில் பலர் காதுக்கும் எட்டி, அப்படியானால் எங்களுக்கும் பணம் வருமா என்று கேட்கிறார்கள். வராது. பெறுகிறவர் ஸ்வீடனின் சமூகக் காப்பீட்டுக்குள் இருக்க வேண்டும். விசாவில் பார்க்கப் போகிற நமக்கு அது பொருந்தாது.

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்ததும் அடுத்து வருவது குழந்தை நல மையத்து நர்ஸ். அந்தந்தப் பகுதிக்கு ஒரு மையம் இருக்கும், எல்லாமே இலவசம். எடை, உயரம், தலைச் சுற்றளவு, ஊசி, தாயின் மனநிலை எல்லாவற்றையும் அவரே பார்ப்பார். நம் ஊர்க் கிராம சுகாதார நர்ஸ் செய்கிற வேலைதான், ஆனால் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பாக எதற்கும் இவரைத்தான் கேட்பார்கள். ஊசி அட்டவணை நம்முடையதிலிருந்து மாறும். இங்கே பிறந்த உடனேயே காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி என்று போட்டுவிடுகிறோம். அங்கே ஆறு வாரத்தில் ரோட்டா வைரஸ் சொட்டில் தொடங்கி, மூன்று, ஐந்து, பன்னிரண்டு மாதங்களில் மற்ற ஊசிகள், ஒன்றரை வயதில் தட்டம்மை ஊசி. பி.சி.ஜி.யை எல்லாக் குழந்தைகளுக்கும் போடுவதை 1975-இலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் காசநோய் அதிகமுள்ள நாடுகளோடு தொடர்புள்ள குடும்பங்களின் குழந்தைகளுக்குப் போடுகிறார்கள். நம் பேரப்பிள்ளைகள் அந்தக் கணக்கில் வருவார்கள். போட்டாயிற்றா என்று மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள், நியாயமான கேள்விதான்.

இன்னொன்று வைட்டமின் டி சொட்டு. டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பகல் வெளிச்சம் ஆறு மணி நேரம்தான். எல்லாக் குழந்தைகளுக்கும் இரண்டு வயது வரை தினமும் அந்தச் சொட்டைக் கொடுக்கச் சொல்கிறார்கள். நம்மைப் போல மாநிறம், கறுப்பு நிறத் தோல் உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு வயதுக்குப் பிறகும் தொடர வேண்டும். தோலின் நிறம் கூடக்கூட அதே வெயிலிலிருந்து உடல் செய்துகொள்ளும் வைட்டமின் டி குறையும் என்பதுதான் காரணம். கடலூர் வெயிலில் வளர்ந்த நமக்கு இந்தக் கவலை தோன்றியிருக்காது. அங்கே இது மறக்கக்கூடாத ஒன்று.

வெளிச்சத்தையும் காற்றையும் அவர்கள் மதிக்கும் விதம் முதலில் பார்க்கும்போது நமக்குத் திக்கென்று இருக்கும். பனி கொட்டிக்கிடக்கிற நாளில் குழந்தையைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, கம்பளி சுற்றி, பால்கனியிலோ வாசலிலோ தூங்கவிடுவார்கள். முன்பள்ளிகளிலும் இப்படி வண்டிகள் வரிசையாக வெளியே நிற்கும். குழந்தைக்குச் சளி பிடிக்குமே என்று நாம் பதறுவோம். அவர்கள் குளிரை நோய்க்குக் காரணமாக நினைப்பதில்லை. உடம்போடு ஒட்டிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் இன்னொரு அடுக்கு, மேலே காற்றும் ஈரமும் புகாத முழு உடுப்பு என்று அடுக்கடுக்காகப் போட்டிருக்கும் வரை கவலை இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை. கழுத்தின் பின்புறம் கைவைத்துப் பார்ப்பார்கள். வெதுவெதுப்பாக இருந்தால் குழந்தை சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் அங்கே இருக்கும்போது அதையே செய்து பாருங்கள், பயம் குறையும்.

பிரசவத்துக்கு உதவப் போகிற தாய்மார்களுக்கு நம் வழக்கங்கள் பற்றிச் சில சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைக்குச் சேனை தொடுவது, நாக்கில் தேன் வைப்பது நம்மிடம் உண்டு. அங்கே ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வார்கள். தேனில் சில சமயம் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் சின்னக் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளரவைக்கும் நஞ்சை உண்டாக்கும். அரிதாக வருவதுதான், ஆனால் வந்தால் ஆபத்து. இதில் அவர்கள் சொல்வதைக் கேட்பதே சரி, இங்கேயும் குழந்தை மருத்துவர்கள் அதையேதான் சொல்கிறார்கள். கண்மையும் வேண்டாம். சிலவகை மையில் ஈயம் இருப்பதுண்டு. சாம்பிராணி போட்டால் அடுக்குமாடி வீட்டில் புகை எச்சரிக்கை மணி அலறும், அதைவிடக் குழந்தையின் நுரையீரலுக்கும் புகை நல்லதில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதில் தடை ஒன்றும் இல்லை. நல்ல கை பழகின ஆயா குளிப்பாட்டுவதைப் பார்த்தால் அங்குள்ள தாய்மார்கள் ஆசையாகக் கற்றுக்கொள்வார்கள். ஏணை கட்டித் தூங்கவைப்பதுதான் கொஞ்சம் சிக்கல். குழந்தை மல்லாந்து, சமமான கெட்டியான படுக்கையில், முதல் மூன்று மாதம் தனிக் கட்டிலில் தூங்க வேண்டும் என்பது அங்குள்ள அறிவுரை. தூக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணத்தைக் குறைத்த அறிவுரை அது.

சோறு விஷயத்தில் நம் பாட்டிமார் வழி அப்படியே ஜெயித்திருக்கிறது. அரிசியில் மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் ஏறும் ஆர்செனிக் சிறிதளவு இருக்கும். அதனால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரிசிப் பொரி அடைகளும் அரிசிப் பாலும் வேண்டாம் என்று ஸ்வீடன் உணவுத்துறை சொல்கிறது. தினமும் மூன்று வேளை அரிசி என்பதையும் அவர்கள் ஊக்குவிப்பதில்லை. கூடவே ஒரு வழியும் சொல்கிறார்கள்: அரிசியை நன்றாகக் கழுவி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். குக்கர் வருவதற்கு முன் நம் வீடுகளில் சோறு வடித்தது இப்படித்தானே. மகள் குக்கரில் வைத்தால், குழந்தைக்காவது வடித்துப் போடு என்று சொல்லலாம். ஆனால் வடித்த கஞ்சியைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், நீங்குவதெல்லாம் அதில்தான் இருக்கும். ஒரு வயதுக்குள் பசலைக் கீரையும் உப்பும் வேண்டாம் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். கேழ்வரகு, இட்லி, பருப்பு, நெய் எதிலும் தகராறு இல்லை.

ஒரு வயது தாண்டியதும் முன்பள்ளி. பெற்றோர் விண்ணப்பித்த நான்கு மாதத்துக்குள் இடம் தர வேண்டியது நகராட்சியின் கடமை. கட்டணத்துக்கு 2002-இலிருந்து உச்சவரம்பு உண்டு. முதல் குழந்தைக்குக் குடும்ப வருமானத்தில் மூன்று சதவீதம், அதுவும் மாதம் 1,700 குரோனரை ஒட்டிய ஓர் எல்லைக்குள். இரண்டாவது குழந்தைக்கு இன்னும் குறைவு. சாப்பாடு இதிலேயே அடங்கும். மூன்று வயதுக்குப் பிறகு வருடத்துக்கு 525 மணி நேரம் முற்றிலும் இலவசம். இதைத் தவிரக் குழந்தைக்கு 16 வயது ஆகும்வரை மாதம் 1,250 குரோனர் உதவித்தொகையும் வரும். பணக்காரனுக்கும் ஏழைக்கும் அதே தொகை.

முதலில் சில நாள் தாயோ தகப்பனோ கூடவே இருந்து, மெல்லமெல்லக் குழந்தையைப் பழக்கிவிட்டு வருவார்கள். பிறகு காலை எட்டு மணிக்கு விட்டு, நாலு, நாலரைக்குக் கூட்டிவருவது வழக்கம். பதினொன்று, பதினொன்றரைக்கெல்லாம் மதியச் சாப்பாடு: உருளைக்கிழங்கு, மீன், பாஸ்தா, இறைச்சி உருண்டை. இறைச்சி உருண்டையில் மாடும் பன்றியும் கலந்திருப்பதுண்டு. சாப்பிட மாட்டோம் என்று எழுதிக்கொடுத்தால் வேறு உணவு தருவார்கள். சாப்பிட்டதும் தூக்கம், இரண்டு மணிக்குப் பழமோ ரொட்டியோ. மழை பெய்தாலும் வெளியே விளையாட்டு. ரப்பர் பூசிய மழை உடுப்பில் சேற்றில் உருண்டு வந்து, உடுப்பை உலர்த்தும் அலமாரியில் மாட்டிவிட்டு உள்ளே வருவார்கள். பல முன்பள்ளிகளில் ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்காகக் கொட்டை வகைகளுக்கு அனுமதி இல்லை. ஆகவே ஆசையாக அனுப்பின பண்ருட்டி முந்திரியைப் பையில் போட்டுக் கொடுத்துவிடாதே என்று மகளிடம் சொல்லுங்கள். வீட்டிலும் சின்னக் குழந்தைக்கு முழு முந்திரி தொண்டையில் சிக்கும், அரைத்துக் கொடுப்பதே நல்லது.

ஆசிரியர்களை மிஸ், சார் என்று கூப்பிடுவதில்லை, பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள். குழந்தை பெரியவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது மரியாதைக் குறைவு அல்ல, அந்த ஊர் வழக்கம். உங்களை மட்டும் ஆயா, தாத்தா என்று கூப்பிடப் பழக்குங்கள். உறவு சொல்லி அழைப்பதை அந்த ஊர்க் குழந்தையும் அறியும். அம்மாவின் அம்மா மூர்மூர், அப்பாவின் அம்மா ஃபார்மூர், அம்மாவின் அப்பா மூர்ஃபார், அப்பாவின் அப்பா ஃபார்ஃபார் என்று அவர்கள் பிரித்தேதான் சொல்கிறார்கள்.

நாலு வயதாகிறது, இன்னும் ஓர் எழுத்துகூட எழுதத் தெரியவில்லையே என்ற கவலை நம் வீடுகளில் கட்டாயம் வரும். எதிர்வீட்டுக் குழந்தை எல்.கே.ஜி.யில் ஏ முதல் இசட் வரை எழுதுகிறதே என்பார்கள். ஸ்வீடனில் முன்பள்ளிக்கென்று அரசுப் பாடத்திட்டமே இருக்கிறது. ஆனால் அது விளையாட்டு, பேச்சு, பாட்டு, சேர்ந்து வாழ்வது, எண்ணிக்கை, இயற்கை இவற்றைப் பற்றியது. உட்காரவைத்து எழுதச் சொல்வது அதில் இல்லை. ஆறு வயதில் கட்டாயமான ஆயத்த வகுப்பு, அதன்பின் முதல் வகுப்பு. பத்து வயதுக்குள் அந்தப் பிள்ளைகள் நன்றாகவே படிக்கிறார்கள். போனில் பேரனிடம் பரீட்சை வைக்காதீர்கள். இன்று யாரோடு விளையாடினாய் என்று கேளுங்கள், அதற்குத்தான் அவனிடம் பதில் இருக்கிறது.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரும் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு ஓடுவதில்லை. பெற்றோரில் ஒருவர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பார். அதற்கும் காப்பீட்டிலிருந்து பணம் உண்டு, குழந்தை ஒன்றுக்கு வருடத்துக்கு 120 நாள் வரை. முன்பள்ளிக்குப் போகத் தொடங்கிய முதல் குளிர்காலத்தில் மூக்கு ஒழுகுவது நிற்கவே நிற்காது, அது எல்லா வீட்டிலும் நடப்பது.

இனிப்பைப் பற்றிச் சொன்னால் சில தாத்தாக்களுக்கு வருத்தமாக இருக்கும். அங்கே மிட்டாய் சனிக்கிழமை மட்டும். கடையில் வகைவகையாக மிட்டாய்களை எடைபோட்டு எடுத்துக்கொள்ளும் தொட்டிகள் இருக்கும். வாரம் முழுக்கக் காத்திருந்து சனிக்கிழமை ஒரு சின்னப் பை. இதன் பின்னால் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. 1940-களின் இரண்டாம் பாதியில், லுண்ட் நகரத்தில் விபெஹோல்ம் என்ற இடத்தில், மனவளர்ச்சி குன்றியவர்கள் தங்கியிருந்த காப்பகத்தில், அவர்களுக்கு ஒட்டும் மிட்டாய்களை நிறையக் கொடுத்துப் பல் சொத்தையாவதை ஆராய்ந்தார்கள். சம்மதம் சொல்லவும் மறுக்கவும் முடியாதவர்கள் மீது செய்த சோதனை அது. இன்று யாரும் அதை நியாயப்படுத்துவதில்லை. ஆனால் அதில் தெரியவந்த செய்தி நிலைத்துவிட்டது: சாப்பிடும் அளவைவிட, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதுதான் பல்லை அதிகம் கெடுக்கிறது. வாரத்தில் ஒரு நாள் என்ற பழக்கம் அங்கிருந்து வந்தது. நீங்கள் கொண்டுபோகும் அதிரசத்தையும் லட்டையும் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அடிப்பது பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசிவிட வேண்டும். குழந்தையை வீட்டிலும் அடிக்கக்கூடாது என்று 1979-இல் சட்டம் இயற்றிய முதல் நாடு ஸ்வீடன். அதற்கு முந்தைய ஆண்டு குழந்தை எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் ஜெர்மனியில் ஒரு பெரிய விருதை வாங்கிக்கொண்டு, குழந்தைகள் மீது எந்த வன்முறையும் வேண்டாம் என்று பேசியது அந்த நாட்களின் குரலாக இருந்தது. சட்டம் வந்தபோது அது என்ன சொல்கிறது என்று பால் அட்டைப் பெட்டிகளிலேயே அச்சிட்டு வீடுவீடாகச் சேர்த்தார்கள். காலைச் சாப்பாட்டு மேசையில் தாய் தகப்பனோடு குழந்தையும் படித்தது. தலையில் குட்டுவது, காதைத் திருகுவது, தொடையில் கிள்ளுவது எல்லாம் அந்தச் சட்டத்துக்குள் அடங்கும், அவமானப்படுத்துவதும் அடங்கும். குழந்தை முன்பள்ளியில் ஆயா அடித்தாள் என்று சொன்னால், ஊழியர்கள் அதைச் சமூகநலத் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், அது அவர்கள் கடமை. இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நான்கு தலைமுறையாக நாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். அடி வாங்கியதால்தான் நன்றாக இருக்கிறோம் என்பதற்கு அவர்களிடம் ஒரு சான்றும் இல்லை. அந்த நாட்டில் அடியில்லாமல் வளர்ந்த ஒரு தலைமுறை இப்போது தாய் தகப்பனாகவே ஆகிவிட்டது. பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போவான் என்று மிரட்டுவதையும் விட்டுவிடலாம். நம்மிடம் மிரட்டாமல் சொல்ல எத்தனையோ கதைகள் இருக்கின்றன.

கதை என்றதும் மொழிக்கு வருகிறேன். இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பேரப்பிள்ளை தமிழைப் புரிந்துகொள்கிறது, பதிலை மட்டும் ஸ்வீடிஷில் சொல்கிறது. பெரும்பாலான வீடுகளில் மூன்று வயதை ஒட்டி இது நடக்கும். பகலில் ஏழெட்டு மணி நேரம் அந்த மொழியில் விளையாடி, சண்டை போட்டு, பாடிவிட்டு வரும் குழந்தைக்கு நாக்கில் முதலில் வருவது அதுதான். இது நோயும் இல்லை, குறையும் இல்லை. புரிந்துகொள்கிற மொழி உள்ளே உயிரோடு இருக்கிறது, பேச வேண்டிய தேவை வரும்போது வெளியே வரும். தமிழும் ஸ்வீடிஷும் கலந்து, நான் லேக்கா பண்ணப் போறேன் என்று சொன்னாலும் தவறில்லை. லேக்கா என்றால் விளையாடுவது. நாம் ஆங்கிலச் சொல்லோடு ‘பண்ணு’ சேர்த்துப் பேசுவதைத்தான் அந்தக் குழந்தையும் செய்கிறது. இரண்டு மொழி கேட்டால் குழந்தை பேசத் தாமதமாகும் என்று ஊரில் சொல்வதை நம்பித் தமிழை நிறுத்தச் சொல்கிறவர்களும் உண்டு. அங்கே குழந்தை நல மையத்து நர்ஸே சொல்லும் அறிவுரை நேர்மாறானது: உங்களுக்கு எந்த மொழி நன்றாக வருமோ அதில் குழந்தையோடு நிறையப் பேசுங்கள்.

அந்த நாட்டுச் சட்டமும் இதன் பக்கம்தான் நிற்கிறது. 2009-இல் வந்த மொழிச் சட்டம் ஸ்வீடிஷை நாட்டின் முதன்மை மொழி என்று அறிவித்தது. அதே சட்டம், வேறு தாய்மொழி கொண்டவர்களுக்குத் தங்கள் தாய்மொழியை வளர்த்துக்கொள்ளவும் பயன்படுத்தவும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. முன்பள்ளி, குழந்தையின் ஸ்வீடிஷையும் தாய்மொழியையும் சேர்த்தே வளர்க்கக் கடமைப்பட்டது. பள்ளிக்கு வந்தபின், ஒரு நகராட்சியில் குறைந்தது ஐந்து மாணவர்கள் கேட்டு, பொருத்தமான ஆசிரியரும் கிடைத்தால், தமிழை ஒரு பாடமாகவே சொல்லித்தர வேண்டும். அதற்குப் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது. பல வீடுகளில் தெரியாமலேயே விட்டுவிடுகிறார்கள். போனில் மகனிடம், தமிழ் வகுப்புக்கு எழுதிக்கொடுத்தாயா என்று கேட்க வேண்டிய ஆள் நீங்கள்தான்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் மாற்ற வேண்டும். பேரனோடு பேச எனக்கு இங்கிலீஷ் வரவில்லையே என்று குறைபட்டுக்கொள்ளும் ஆயாக்கள் நிறைய. இங்கிலீஷ் வராத ஆயாதான் அந்தக் குழந்தைக்குத் தமிழின் பெரிய பலம். அப்பாவிடம் ஸ்வீடிஷில் சொன்னாலும் வேலை நடந்துவிடும் என்று குழந்தைக்குத் தெரியும். எதிரே இருப்பவருக்குத் தமிழ் மட்டும்தான் புரியும் என்று தெரிந்தால், சொல்ல வேண்டியதை எப்படியாவது தமிழில் சொல்லிவிடும். ஆகவே தெரிந்த நாலு ஆங்கிலச் சொற்களைக்கூட ஒதுக்கிவையுங்கள். குழந்தை ஸ்வீடிஷில் சொன்னால், ஓ, உனக்குத் தண்ணி வேணுமா சாமி என்று தமிழில் திருப்பிச் சொல்லிக் கேளுங்கள். எங்கே தமிழில் சொல்லு பார்ப்போம் என்று ஊரார் முன்னால் நிறுத்திவைக்காதீர்கள். அப்படி நிறுத்திவைக்கப்பட்ட குழந்தை அடுத்த முறை போன் பக்கமே வராது.

வீடு ஒரு மொழி, ஊர் ஒரு மொழி என்பது மேல்பட்டாம்பாக்கத்துக்கும் புதிதல்ல. லைப்சிக் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பிலிருந்து சாதி விஷயத்தில் முரண்பட்டுப் பிரிந்த கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர் 1860-களின் தொடக்கத்தில் இங்கே வந்து தங்கினார். டேனிஷ் மிஷன் சங்கம் அவரோடு சேர்ந்து தமிழகத்தில் தன் பணியை இங்கிருந்துதான் தொடங்கியது. ஸ்வீடிஷுக்கு உடன்பிறந்த மொழி டேனிஷ், ஒன்றை எழுத்தில் பார்த்தால் மற்றொன்றைத் தெரிந்தவருக்குப் பெரும்பாலும் புரியும். தெற்கே தரங்கம்பாடித் திருச்சபையில் ஸ்வீடன் மிஷனரிக் குடும்பங்கள் வேலை செய்தன. அப்படி ஒரு ஸ்வீடிஷ் வீட்டில் 1883-இல் மதுரையில் பிறந்த யோகன்னஸ் சாண்டெகிரென், 1934 முதல் 1956 வரை தரங்கம்பாடிப் பேராயராக இருந்தார். தமிழ்நாட்டில் பிறந்த குழந்தை ஸ்வீடிஷை விடாமல் வளர்ந்தது என்றால், ஸ்வீடனில் பிறந்த குழந்தை தமிழை விடாமல் வளர்வதும் நடக்கக்கூடியதே.

நேரம் பார்த்துக் கூப்பிடுவதில் பாதி வெற்றி இருக்கிறது. குளிர்காலத்தில் நாம் அவர்களைவிட நாலரை மணி நேரம் முன்னால், கோடையில் மூன்றரை மணி நேரம். மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த ஊரில் சின்னப் பிள்ளைகள் மாலை ஐந்தரைக்குச் சாப்பிட்டு, ஏழு, ஏழரைக்கெல்லாம் படுத்துவிடும். படுக்கும் முன் ஒரு புத்தகம் படித்துக்காட்டுவது அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. அந்த நேரம் நமக்குக் கிட்டத்தட்ட நடுராத்திரி. வார நாட்களில் முன்பள்ளியிலிருந்து வந்த குழந்தை களைத்திருக்கும், பேசாது. சனி, ஞாயிறு அவர்கள் காலைச் சாப்பாட்டு நேரமான எட்டு மணி நமக்குக் குளிர்காலத்தில் பன்னிரண்டரை, கோடையில் பதினொன்றரை. குழந்தை தெளிவாக, சந்தோஷமாக இருக்கும் நேரம் அது. ஒரே நேரத்தில், ஒவ்வொரு வாரமும், பத்து நிமிடம் போதும். கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்: முருங்கைக்காய், வீட்டுப் பூனை, கோலமாவு. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுக்கொண்டிருந்தால் மூன்று வயதுக் குழந்தை ஓடிவிடும். பூனையைக் காட்டினால் நிற்கும், பூனைக்கு என்ன பெயர் என்று கேட்கும்.

நேரில் போவதென்றால் ஷெங்கன் விசா. அதில் 180 நாளைக்குள் 90 நாள்தான் தங்கலாம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். பிரசவத்துக்காக அதற்கு மேல் தங்க வேண்டுமென்றால் தனியாகப் பார்வையாளர் அனுமதி கேட்க வேண்டும், நாள் பிடிக்கும், முன்கூட்டியே தொடங்குங்கள். பெட்டியில் என்ன வைப்பது என்பதில் பலர் விமான நிலையத்தில் மனம் நொந்திருக்கிறார்கள். ஐரோப்பிய விதிப்படி பால் பொருளும் இறைச்சியும் எடுத்துப் போகக்கூடாது, அதாவது நெய்யும் பால்கோவாவும் கூடாது. பழம், காய், இலை எதற்கும் தாவர நலச் சான்று வேண்டும். பலாச்சுளையும் பச்சைக் கறிவேப்பிலையும் அதனால் நின்றுவிடும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. கடலூர்க்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி, மீனுக்குத் தனிக் கணக்கு: சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை அனுமதி. கருவாடு போகலாம். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டார் வாசனையைப் பொறுத்துக்கொள்வார்களா என்பதை மட்டும் மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர்கள் இங்கே வருவதற்கும் ஒரு காலக்கணக்கு உண்டு. முன்பள்ளி கட்டாயமில்லை என்பதால் ஆறு வயதுக்கு முன் எந்த மாதமும் லீவு எடுத்து வரலாம். ஆயத்த வகுப்பு தொடங்கிவிட்டால் கட்டாயப் பள்ளி. அதன்பின் ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரையிலான கோடை விடுமுறையும், கிறிஸ்துமஸ் ஒட்டிய இரண்டு வாரமும்தான் பெரிய இடைவெளி. கிறிஸ்துமஸ் லீவு பொங்கலுக்குள் முடிந்துவிடும். ஆகையால் பேரப்பிள்ளை பொங்கலை நம் தெருவில் பார்க்க வேண்டுமென்றால் நான்கு, ஐந்து வயதில் ஒரு முறையாவது ஜனவரியில் வரச் சொல்லுங்கள். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே குழந்தை நல மையத்தில் இந்தியா போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். கைக்குழந்தையானால் தட்டம்மை ஊசியை முன்கூட்டியே போடுவது பற்றி அவர்கள் முடிவு செய்வார்கள். இங்கே வந்ததும் காய்ச்சி ஆறிய தண்ணீர், கொசுவலை, முதல் இரண்டு மூன்று நாள் உறவுக்காரர் கூட்டம் இல்லாமல் பார்த்துக்கொள்வது, இவை உங்கள் பொறுப்பு. தெருப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். மூன்று வாரத்தில் அந்தக் குழந்தை பேசுகிற தமிழ், வருஷம் முழுக்கப் போனில் பேசியதைவிட அதிகமாக இருக்கும்.